காசில்லை என்று யாருக்குச் சொன்னார்கள்?

"நாட்டில காசில்ல, என்ன செய்யிறது?" 2022இலிருந்து இந்த வசனத்தை நாங்கள் கேட்காத நாளில்லை. பஸ்ஸில், சந்தியில், வீட்டுக் குசினியில், பாராளுமன்றத்தில் என்று எல்லா இடத்திலும் இதே கதைதான். காசில்லை என்பது பொய்யில்லை. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அரசாங்கமே அறிவித்தது. ஆனால் காசில்லாத நேரத்தில் யாரிடம் கைவைப்பது, யாரைத் தொடாமல் விடுவது என்று தீர்மானிப்பது வெறும் கணக்கு இல்லை, அது அரசியல். 2023இல் நடந்த இரண்டு விடயங்களை மட்டும் எடுத்துக் கதைப்போம்.

முதலாவது, எங்கட வாக்கு. உள்ளூராட்சித் தேர்தல் 2023 மார்ச் 9ஆம் திகதி நடக்க இருந்தது. வேட்புமனுக்களும் ஏற்கப்பட்டு முடிந்திருந்தன. திறைசேரி காசில்லை என்றது. காசு வராமல் வாக்குச்சீட்டு அச்சடிக்க ஏலாது என்று அரச அச்சகமும் கையை விரித்தது. தேர்தலுக்குத் தேவைப்பட்டது சுமார் 10 பில்லியன் ரூபா. அதற்கு முந்தின மாதம்தான் காலிமுகத்திடலில் 75ஆவது சுதந்திர தினத்தை 200 மில்லியன் ரூபா செலவில் கொண்டாடினார்கள். சுதந்திரத்தைக் கொண்டாடக் காசு கிடைத்தது, வாக்களிக்கத்தான் கிடைக்கவில்லை. தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6ஆம் திகதி. இடையில் இரண்டு வருடத்துக்கும் மேலாகப் பிரதேச சபைகளை அதிகாரிகள் நடத்தினார்கள். குப்பை அள்ளவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்றால் கேள்வி கேட்க எங்களால் தெரிவுசெய்யப்பட்ட ஒருவரும் இருக்கவில்லை.

இரண்டாவது, எங்கட சேமிப்பு. கட்டுநாயக்கவில் தையல் மெசினுக்கு முன்னால் இருக்கிற அக்காவும், தலவாக்கலையில் கொழுந்து பறிக்கிற அம்மாவும் மாதாமாதம் சம்பளத்தில் 8 சதவீதத்தை ஊழியர் சேமலாப நிதிக்குக் கொடுக்கிறார்கள். முதலாளி 12 சதவீதம் போட வேண்டும். 1958இலிருந்து இருக்கிற சட்டம் இது. வயதுபோன காலத்தில் அவர்களுக்கு வேறு ஓய்வூதியம் கிடையாது. 2023 ஜூன் கடைசியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று ஒன்றை அறிவித்தார்கள். வங்கிகள் ஐந்து நாள் மூடிக்கிடந்த இடைவெளியில், ஜூலை 1ஆம் திகதி சனிக்கிழமை, பாராளுமன்றத்தில் 122க்கு 62 வாக்குகளால் அதை நிறைவேற்றினார்கள்.

அதன் சாரம் இதுதான். சேமலாப நிதியிடம் இருக்கிற திறைசேரி முறிகளைக் கொடுத்துவிட்டு, முதலில் 12 சதவீதமும் அதன்பிறகு 9 சதவீதமும் வட்டி தருகிற புதிய முறிகளை வாங்க வேண்டும். மாட்டோம் என்றால் நிதியின் முறி வருமானத்துக்கான வரி 14 சதவீதத்திலிருந்து 30 ஆகும். இதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? அந்த நிதியைப் பொறுப்பேற்றுப் பராமரிப்பது மத்திய வங்கி. அரசாங்கத்தோடு சேர்ந்து இந்தத் திட்டத்தைப் போட்டதும் அதே மத்திய வங்கிதான். காசுக்குச் சொந்தமான 20 இலட்சத்துக்கும் அதிகமான தொழிலாளரிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வங்கிகளை ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், வங்கி விழுந்தால் வைப்புப் போட்ட சனத்தின் காசும் போய்விடும், அவை ஏற்கெனவே கூடிய வரி கட்டுகின்றன என்றார்கள். முதலாவது பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே முறிகளை வாங்கி வைத்திருந்த கம்பனிகளும் பணக்காரத் தனிநபர்களும்? அவர்களையும் தொடவில்லை. முறிமாற்றத்துக்கு இழுக்கப்பட்டவை ஓய்வுகால நிதிகள் மட்டுமே. 9 சதவீதத்துக்கு உத்தரவாதம் தந்தோமே என்பது அடுத்த பதில். 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம். அந்த வருடமே பெருமளவு கரைந்துபோன சேமிப்புக்கு, மீண்டெழ நல்ல வட்டி தேவைப்பட்ட நேரம் பார்த்துத்தான் வட்டியைக் குறைத்தார்கள்.

இந்தக் கிடங்கு எப்படி விழுந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 2019 கடைசியில் வற் வரியை 15இலிருந்து 8 சதவீதமாக்கினார்கள். வருமான வரிக்கான எல்லையை வருடத்துக்கு 5 இலட்சத்திலிருந்து 30 இலட்சமாக உயர்த்தினார்கள். கம்பனி வரியையும் 28இலிருந்து 24 ஆகக் குறைத்தார்கள். விட்டுக்கொடுத்த காசைத் திரும்ப எடுக்கும்போது யாரிடம் வந்தார்கள்? 2024 ஜனவரி 1ஆம் திகதி வற் வரி 18 சதவீதமானது. பெற்றோலும் டீசலும் சமையல் எரிவாயுவும்கூட அதற்குள் வந்தன. சொத்து வரி, வாரிசு வரி எல்லாம் 2025இல் வரும் என்று சர்வதேச நாணய நிதியத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். வற் வரி சொன்ன நாளில் வந்தது. சொத்து வரி தள்ளிப்போனது.

இதற்குப் பின்னால் பெரிய சதி எதையும் தேடத் தேவையில்லை. காசுள்ளவருக்கு அமைச்சரின் தொலைபேசி இலக்கம் தெரியும், சட்டத்தரணி இருக்கிறார், தேர்தலுக்குக் கொடுத்த நன்கொடையும் இருக்கிறது. எங்களிடம் இருப்பது வாக்கு ஒன்றுதான். தீர்மானங்கள் எடுக்கப்பட்ட அந்த வருடத்தில் அதையும் பறித்து வைத்திருந்தார்கள். வாக்கு இருந்திருந்தால் ஜூலையில் அவ்வளவு துணிவாகக் கைதூக்கியிருப்பார்களா?

2024இல் ஆட்சி மாறியது. ஆனால் கடன் மறுசீரமைப்பும் நாணய நிதிய உடன்படிக்கையும் அப்படியே தொடர்கின்றன. அதனால் எங்கட கேள்வி இன்றைய அரசாங்கத்துக்கும்தான். சேமலாப நிதியை நிர்வகிக்கும் சபையில் தொழிலாளர் தெரிவுசெய்யும் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அவர்களின் சம்மதமில்லாமல் அந்தக் காசில் ஒருவரும் கைவைக்கக் கூடாது. சொத்துள்ளவரின் வரிக்கும் வற் வரியைப் போலத் திகதி குறிக்க வேண்டும். எந்தத் தேர்தலையும் காசில்லை என்று நிறுத்த முடியாதபடி, அதற்கான நிதியைச் சட்டத்தால் ஒதுக்கி வைக்க வேண்டும்.

இனி யாராவது "காசில்ல" என்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் போகாதீர்கள். யாருக்கு இல்லை, யாரிடம் இன்னும் கேட்கவே இல்லை என்று திருப்பிக் கேளுங்கள்.