ஓடை தந்த வெளிச்சம்

நாட்டின் முதல் நீர்மின் நிலையம் எது என்றால் பலர் சிவசமுத்திரம் என்பார்கள். அது 1902-ல் வந்தது. ஐந்தாண்டுகள் முன்பே, 1897 நவம்பரில், டார்ஜிலிங்குக்குக் கீழே சித்ராபோங்கில் மலையோடைத் தண்ணீர் மின்சாரமாகிவிட்டது. 130 கிலோவாட்தான், அன்றைய தெருவிளக்குகளுக்கு அது தாராளம்.

ஓடைகளை மறித்துக் கட்டிய இத்தகைய சிறு நிலையங்களுக்கு வயதைவிடப் பெரிய எதிரி, மண். மழையில் மலை சரிந்தால் கல்லும் வண்டலும் கால்வாயை அடைக்கும். தூர்வாரும் செலவு சமயத்தில் மின்சாரத்தின் விலையையே விழுங்கிவிடும். கணக்கர்கள் மூடச் சொல்வதில் வியப்பில்லை.

பாரம்பரியச் சின்னம் என்று பலகை மாட்டுவது சுலபம் (பலகைக்குத் தூர்வார வேண்டாமே!). பழைய இயந்திரங்களில் ஒன்றையாவது ஓடவிட வேண்டும். ஊருக்கு வேண்டாம், அந்த வளாகத்து விளக்குகள் எரிந்தால் போதும்.