பதினோரு ஆண்டு எழுதாத கடிதம்

வெளிநாட்டில் இருந்த குற்றவாளியைக் கொண்டுவந்து விட்டோம் என்று மந்திரிமார் மார்தட்டும் போதெல்லாம் நமக்கு ஒரு பெயர் ஞாபகத்துக்கு வருகிறது. வாரன் ஆண்டர்சன்.

2025 ஏப்ரலில் தஹாவூர் ராணாவை அமெரிக்கா நம்மிடம் ஒப்படைத்தது. 2008 நவம்பரில் மும்பையில் நடந்த கொலைவெறித் தாக்குதலுக்குத் துணைபோனார் என்பது அவர்மேல் உள்ள குற்றச்சாட்டு. அன்று வி.டி. ஸ்டேஷனில் மட்டும் 50-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மூட்டை முடிச்சுகளோடு வண்டிக்குக் காத்திருந்த நம்மைப் போன்ற ஜனங்கள். ராணா இந்தியக் கோர்ட்டில் பதில் சொல்லட்டும். அதில் நமக்கு இரண்டாம் கருத்தில்லை. அவரைக் கொண்டுவரக் கைகொடுத்தது இந்தியாவும் அமெரிக்காவும் 1997-ல் கையெழுத்திட்டு, 1999-ல் அமலுக்கு வந்த ஒப்பந்தம். அதே ஒப்பந்தம் ஆண்டர்சனைக் கொண்டுவரவில்லையே, ஏன்?

சென்னைக்கும் டில்லிக்கும் இடையே தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் ஜி.டி.யிலும் போய்வரும் நாம் போபாலைத் தாண்டித்தான் போகிறோம். 1984 டிசம்பர் 2-ம் தேதி இரவு யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கிளம்பிய விஷவாயு அந்த ஸ்டேஷனையும் விடவில்லை. துணை ஸ்டேஷன் சூப்பரிண்டெண்டெண்ட் குலாம் தஸ்தகீர் மூச்சுத் திணறிய நிலையிலும் நின்றிருந்த வண்டியை முன்கூட்டியே கிளப்பி அனுப்பி, ஏராளமான பிரயாணிகளைக் காப்பாற்றினார். அவர் தம் இடத்தை விட்டு நகரவில்லை.

கம்பெனித் தலைவர் ஆண்டர்சன் டிசம்பர் 7-ம் தேதி போபால் வந்தார். கைது செய்தார்கள். சில மணி நேரத்தில் 25,000 ரூபாய் ஜாமீன், மாநில சர்க்காரின் விமானத்திலேயே டில்லி, அங்கிருந்து அமெரிக்கா. கூப்பிட்டால் வருவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. சி.பி.ஐ. 1987-ல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. 1992-ல் போபால் கோர்ட் அவரைத் தலைமறைவுக் குற்றவாளி என்று அறிவித்தது.

இந்தியாவுக்குள் பிடிவாரண்டு எங்கும் செல்லும். டில்லியில் வாரண்டு போட்டால் திருநெல்வேலியில் இருக்கும் கூலிக்காரரைத் தேடி போலீஸ் வந்து நிற்கும். தேசத்தின் எல்லையைத் தாண்டினால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை. நம் வெளியுறவு இலாகா அந்த நாட்டு சர்க்காருக்கு முறைப்படி எழுதிக் கேட்க வேண்டும். அந்தச் செயல் அங்கேயும் குற்றமாக இருக்க வேண்டும். ஆதாரமும் கூடவே போக வேண்டும். இந்த நிபந்தனைகளை நாம் குறை கூறவில்லை. அயல்நாட்டில் பிழைக்கும் நம் பிள்ளைகள்மேல் யாரும் பொய் வழக்குப் போட்டால், அவர்களுக்கும் இவைதான் காப்பு.

ஆனால் 1992-ல் கோர்ட் அறிவித்த ஆளைக் கேட்டு அமெரிக்காவுக்கு விண்ணப்பம் போனது எப்போது? 2003 மே மாதம்! பதினோரு ஆண்டு! ஒப்பந்தம் இல்லாததால் தாமதம் என்றும் சொல்ல முடியாது. 1931-ல் பிரிட்டன் அமெரிக்காவோடு செய்த பழைய ஒப்பந்தம் 1999 வரை நமக்கும் செல்லுபடியாகி வந்தது. ஆபீசில் ஃபைல் தள்ளிப் பிழைக்கும் நமக்குத் தெரியாதா? யாரோ ஒருவர் நகர்த்தினால்தான் ஃபைல் நகரும். நகர்த்த வேண்டாம் என்று இருப்பவர்கள் அதன்மேல் நாலு ஃபைலை வைத்துவிடுவார்கள்.

2004 ஜூனில், விண்ணப்பம் ஒப்பந்தத்தின் ஷரத்துகளுக்குப் பொருந்தவில்லை என்று அமெரிக்கா கைவிரித்தது. தன் நாட்டு முதலாளியை விட்டுக்கொடுக்க அதற்கு மனமில்லை என்பதே நம் கருத்து. ஆனாலும் மறுப்பவனுக்குச் சாக்கு எடுத்துக் கொடுத்தது யார்? 2010-ல் இந்திய அதிகாரிகள் 7 பேருக்கு 2 ஆண்டு தண்டனை விதித்து அன்றைக்கே ஜாமீன் கொடுத்தார்கள். ஜனங்கள் கொதித்த பிறகே ஆண்டர்சனை மறுபடியும் கேட்டார்கள். 2014 செப்டம்பரில், 92 வயதில், புளோரிடாவில் அவர் செத்தார். ஒருநாள்கூட எந்தக் கோர்ட்டுக் கூண்டிலும் ஏறவில்லை. செத்த ஜனங்களின் தொகையோ, சர்க்காரே உச்ச நீதிமன்றத்தில் சொன்னபடி, 5,295.

குண்டு வைத்தவனைத் துரத்த டில்லிக்கு வேகம் இருக்கிறது. ஆலை முதலாளியைத் துரத்த அந்த வேகம் ஏன் வரவில்லை? சட்டம் இரண்டு பேருக்கும் ஒன்றுதானே.

எனவே நாம் கேட்பது இது. எந்த நாட்டிடம் யாரைக் கேட்டு, எந்தத் தேதியில் விண்ணப்பம் அனுப்பினார்கள், எது எங்கே நிற்கிறது என்ற ஜாபிதாவை சர்க்கார் ஆண்டுதோறும் தானாகவே பார்லிமெண்டில் வைக்க வேண்டும். கோர்ட் வாரண்டு பிறப்பித்த 6 மாதத்துக்குள் விண்ணப்பம் போகவில்லையானால் காரணத்தை அந்தக் கோர்ட்டிலேயே எழுத்தில் சொல்ல வேண்டும். அங்கத்தினர்கள் அவரவர் தொகுதி எம்.பி.க்கு இதை எழுத வேண்டுகிறோம். தமிழில் எழுதினாலும் போதும். இந்தியில் எழுதித்தர சங்க ஆபீசில் ஆள் இருக்கிறது.