பலாட்டினி வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல

காலவெளியின் இணைப்பை (connection) தூரத்தை அளக்கும் மெட்ரிக்கிலிருந்தே பெறுவது மெட்ரிக் முறை; அதைத் தனி மாறியாகக் கொள்வது பலாட்டினி முறை. எந்த முறையில் எழுதினாலும் ஈர்ப்பு ஒன்றுதான் என்கிறார்கள். ஐன்ஸ்டைனின் எளிய கோட்பாட்டில் அது சரி. ஆனால் ஹிக்ஸ் புலம் காலவெளியின் வளைவோடு நேரடியாகப் பிணைந்தால் அந்த வாதம் நிற்காது.

பிரபஞ்சத்தின் தொடக்ககாலப் பெருவீக்கத்தை ஹிக்ஸ் புலமே நடத்துவதாகப் பெஸ்ருகோவும் ஷபோஷ்னிகோவும் முன்வைத்த மாதிரியையே எடுத்துக்கொள்வோம். ஆதி ஈர்ப்பலைகளின் வலிமையைச் சொல்லும் டென்சர்-ஸ்கேலர் விகிதம் மெட்ரிக் முறையில் சுமார் 0.003. பலாட்டினியில் இணைப்பு தனி மாறி என்பதால் புலத்தின் இயக்க ஆற்றல் உறுப்பு மாறுகிறது. விகிதம் கோடி மடங்குக்கும் மேல் சுருங்குகிறது. வளைவின் வர்க்க உறுப்பால் பெருவீக்கத்தை விளக்கும் ஸ்டாரோபின்ஸ்கி மாதிரியைப் பலாட்டினியில் எழுதினாலோ அதை நடத்தும் புலமே இல்லாமல் போகிறது.

இந்த விகிதத்தை அளப்பதில் லைட்பேர்ட் செயற்கைக்கோளின் இலக்கு 0.001 அளவிலான துல்லியம். 0.003 தென்பட்டால் பலாட்டினி ஹிக்ஸ் மாதிரி வீழும். வானத்தை அளந்து தீர்க்கக்கூடிய கேள்வியை ரசனை வேறுபாடு என்று ஒதுக்குவது தவறு.