சாப்பாடு போடாத கல்யாணம்

மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு நாள் தங்கச்சிமடம் போயிருந்தேன். அங்கே எனக்கு ஒரு சிநேகிதர், விசைப்படகு வைத்திருப்பவர். வாசலிலேயே மீன்குழம்பு வாசனை வரவேற்கும் வீடு. அன்றைக்கு வெறும் ரசம்.

"என்னப்பா, யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"ஒரு கல்யாணத்துக்கு மொய் வச்சுட்டேண்ணே. 38,000 ரூவா."

"அடேயப்பா! அவ்வளவு நெருங்கின சொந்தமா?"

"மாப்பிள்ளை யாருன்னே தெரியாதுண்ணே!"

விஷயம் இதுதான். மண்டபத்தில் இருக்கும் மச்சான் நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. ஆனால் அது படமில்லை. பெயரின் வாலில் 'ஏபிகே' என்று இருந்தது. அதாவது, ஆண்ட்ராய்டு போனில் குடியேறும் ஒரு முழு ஆப். 'இன்ஸ்டால் பண்ணவா?' என்றது. பண்ணினார். 'எஸ்எம்எஸ் படிக்கவா?' என்றது. மாப்பிள்ளையைப் பார்க்கும் அவசரத்தில் அதற்கும் 'அலோ' அமுக்கினார்.

பத்திரிகை கடைசிவரை திறக்கவில்லை. பாங்க்கிலிருந்து வந்த ஓ.டி.பி.க்களை அவருக்கு முன்னால் அந்த ஆப் படித்து, எங்கேயோ உட்கார்ந்திருந்த ஓர் ஆசாமிக்கு அனுப்பிவிட்டது. தடைக்காலத்தில் இன்ஜின் வேலை பார்க்க வைத்திருந்த பணம் காலி. மச்சான் பாவம். அவர் போனும் அதே பத்திரிகையில் மாட்டி, அவருக்குத் தெரியாமலே ஊரையெல்லாம் அழைத்துக்கொண்டிருந்தது.

கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராத ரசீது, பி.எம். கிசான் பணம்... வேஷம் மாறுமே தவிர, உள்ளே இருப்பது இதே சரக்குதான்.

ஆண்ட்ராய்டை அமைத்தவர்கள் ஏமாளிகள் இல்லை. ஒவ்வொரு ஆப்பையும் தனித்தனி அறையில் பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள். பக்கத்து அறைக்குப் போக வேண்டுமானால் உங்களிடம் சாவி கேட்க வேண்டும். அந்தச் சாவிதான் 'அலோ'. எஸ்எம்எஸ் சாவியை எல்லா ஆப்பும் கேட்கக்கூடாது என்று 2019-லேயே பிளே ஸ்டோரில் கெடுபிடி வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே, அந்த வாசல் பக்கமே வராமல் கொல்லைப்புறமாக வருகிறது. 2024 கடைசியில், இப்படி வந்து எஸ்எம்எஸ் கேட்கும் ஆப்களைத் தடுக்கும் சோதனையை கூகுள் இந்தியாவில் ஆரம்பித்தது. அதற்காக 'பூட்டு இருக்கிறது' என்று தூங்கிவிட முடியுமா?

எனக்குப் பகீரென்றது அப்புறம்தான். பயத்தில் மனிதர் போனிலிருந்த எல்லா ஆப்பையும் அழித்துவிட்டார். அதில் 'ஃபிஷர் ஃப்ரெண்ட்' ஒன்று. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்காக உருவாக்கியது. காற்று, அலை உயரம் சொல்லும். கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும். கச்சத்தீவுப் பக்கம் எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்று ராமேஸ்வரத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படகும் போகும், ஆளும் ஜெயிலில் இருப்பார்.

"அதை ஏம்ப்பா அழிச்சே?"

"அதுவும் நான் இருக்குற எடத்தைக் கேட்டுச்சேண்ணே!"

கேட்கத்தான் வேண்டும். நீங்கள் இருக்கும் இடம் தெரியாமல் எல்லை எவ்வளவு தூரம் என்று எப்படிச் சொல்லும்? ஆனால் கல்யாணப் பத்திரிகைக்கு உங்கள் எஸ்எம்எஸ் எதற்கு? ஆப் கேட்பது தப்பில்லை. கேட்பதும் செய்கிற வேலையும் பொருந்துகிறதா என்று பார்க்காததுதான் தப்பு.

பதிவு எண் இல்லாத படகில் ஏறுவீர்களா? ஏபிகேயும் அப்படித்தான். தெரிந்த நம்பரிலிருந்து வந்தாலும் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். மாட்டிக்கொண்டால் உடனே நெட்டை அணையுங்கள், வேறு போனிலிருந்து 1930-ஐ அழையுங்கள், பாங்க்குக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியில் மடக்க அவ்வளவு வாய்ப்பு. என் சிநேகிதர், 'ஊர் சிரிக்குமே' என்று இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. அவர் நிஜமாகத் தோற்றது அந்த இரண்டு நாளில்தான்.

பிளே ஸ்டோரிலிருந்து எல்லை ஆப்பை மறுபடி போட்டுக்கொடுத்தேன். கிளம்பும்போது பக்கத்து வீட்டு அம்மாள் மகள் கல்யாணத்துக்கு அச்சடித்த பத்திரிகை கொண்டுவந்தார். சிநேகிதர் அதை முன்னும் பின்னும் புரட்டினார்.

"இதுல ஒண்ணும் 'அலோ' கேக்கலையேண்ணே?"

"கேக்காதுப்பா. ஆனா, மொய் உண்டு."