மிச்சம் பிடித்த காசு

2025 ஜூலை 13 அதிகாலை. திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிப் போன சரக்கு ரயில் தடம் புரண்டு, 18 டேங்கர்கள் எரிந்தன. உயிர்ப்பலி இல்லை. ‘அப்பாடா’ என்று எல்லோரும் மறந்தாயிற்று.

கனடாவின் லாக்-மெகான்டிக் ஊருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2013 ஜூலை 6. பராமரிப்பில் கஞ்சத்தனம் காட்டிய சின்ன ரயில் கம்பெனி. 72 எண்ணெய் டேங்கர்களுக்கு ஒரே ஓட்டுநர். இரவு மேட்டில் நிறுத்திய ரயில், பிரேக் தளர்ந்து, ஆளில்லாமலே ஊருக்குள் உருண்டது. 47 பேர் பலி. அடுத்த மாதமே கம்பெனி திவால் மனு கொடுத்துவிட்டது!

மிச்சம் பிடித்த காசு கம்பெனிக் கணக்கில் லாபம். நஷ்டம் மட்டும் ஊர்க் கணக்கிலா? சரக்கு ரயிலில் பயணிகள் இல்லை, புகார் சொல்ல ஆளில்லை. ஆனால் தண்டவாளத்தை ஒட்டி வீடுகள் இருக்கின்றனவே! பராமரிப்புச் செலவை வெட்டுமுன் அவர்களையும் கேட்க வேண்டாமா?