ஸ்பீக்கரை மாத்துங்கோ, கசெற் பெட்டியை விட்டிடுங்கோ

பழைய கார் வைத்திருக்கிற எங்கட ஆட்களுக்கு ஒரு வேண்டுகோள். கதவுக்குள் இருக்கிற ஸ்பீக்கர் கரகரக்கத் தொடங்கினால் அதை மாற்றுங்கள். தயங்கவேண்டாம். ஆனால் அதே சாட்டில் டாஷ்போர்டில் இருக்கிற கசெற் பெட்டியையும் பிடுங்கி எறியாதீர்கள். சின்ன விசயம்தானே, இதுக்கு ஒரு கட்டுரையா என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

என்னிடம் இருப்பது 1994 ஆம் ஆண்டு மாஸ்டா எம்.எக்ஸ்-5. 1989 இல் சிக்காகோ மோட்டார் காட்சியில் அறிமுகமாகி, 2016 இல் பத்து லட்சத்தைத் தாண்டிய கார் இது. என்னுடையது முதலாவது வகை. லைற் போட்டால் கண் இமை திறந்ததுபோல முன்விளக்குகள் எழும்பும். இரண்டு பேர் மட்டும் இருக்கலாம், கூரையைக் கையாலே மடித்துவிடலாம். ஹெலன்ஸ்பேர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு இதில் போய் இறங்கினால் யாராவது ஒருவர் கேட்காமல் விடமாட்டார். "அண்ணை, உதை வித்துப்போட்டு ஒரு கம்ரி எடுக்கலாமே?"

எடுக்கலாம்தான். ஆனால் பழசு என்றால் குப்பை என்ற எண்ணம் எங்கிருந்து எங்களுக்கு வந்தது என்றுதான் எனக்கு விளங்கவில்லை. ஒஸ்ரின் ஏ40 ஐயும் மொறிஸ் மைனரையும் செய்த கொம்பனிகள் மறந்த பிறகும் அவற்றை யாழ்ப்பாணத்து றோட்டில் ஓடவைத்தவர்கள் நாங்கள். 1990 இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போனபோது, ஒரு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணி, மிச்சத்துக்கு மண்ணெண்ணெயில் ஓடின சனம். அந்த ஊர் மெக்கானிக்மாரிடம் போய் "பழுதென்றால் எறியுங்கோ" என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

சரி, ஸ்பீக்கருக்கு வருவோம். அந்தக் காலத்துக் கார் ஸ்பீக்கர்களில் அனேகமானவை காகிதக் கூம்பு. கூம்பின் விளிம்பைச் சுற்றி ஒரு பஞ்சு வளையம் அல்லது மெல்லிய துணி வளையம் இருக்கும். கூம்பு முன்னும் பின்னும் அசைய இடம் கொடுப்பது அதுதான். பஞ்சு வளையம் ஈரத்தாலும் வெப்பத்தாலும் தானாகவே உக்கிப்போகும். நீங்கள் பாட்டுக் கேட்டாலும் உக்கும், கேட்காமல் கராஜுக்குள் போர்த்து மூடி வைத்தாலும் உக்கும். கூரை மடிக்கிற காரில் கதவுக்குள் மழைத் தண்ணி இறங்குவதும் வழமை. ஆகவே முப்பது வருடம் தாண்டிய ஸ்பீக்கர் கரகரக்கிறது என்றால் அது அதன் ஆயுள் முடிந்த சத்தம். அதை மாற்றுவது காருக்குச் செய்கிற துரோகம் இல்லை. ரயர் மாற்றுகிறோம், பிரேக் மாற்றுகிறோம், இதுவும் அப்படித்தான்.

மாற்றுகிறபோது எங்கட ஆட்கள் போய் விழுகிற குழி ஒன்று இருக்கிறது. பெட்டியில் 300 வாற்ஸ், 500 வாற்ஸ் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். பழைய கார் செற் ஒன்று ஒரு ஸ்பீக்கருக்கு உண்மையாகக் கொடுக்கிற சக்தி 15, 20 வாற்ஸ் தாண்டாது. அதற்கு 500 வாற்ஸ் தாங்குகிற ஸ்பீக்கர் போட்டு என்ன பிரயோசனம்? பார்க்கவேண்டியது கொடுத்த சக்திக்கு எவ்வளவு சத்தம் தரும் என்கிற எண்ணை. டெசிபெல்லில் போட்டிருப்பார்கள். 89 க்குப் பதில் 92 என்று இருந்தால், மூன்றுதானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். அந்த 3 டெசிபெல்லை அம்பிளிபயரால் கூட்டுவதென்றால் சக்தியை இரட்டிப்பாக்க வேண்டும். கூரையைத் திறந்துகொண்டு ஓடுகிறவனுக்கு இது முக்கியம். காற்றின் இரைச்சல் அடித்தொனியை எப்படியும் விழுங்கிவிடும். மிஞ்சுவது குரல். குரல் தெளிவாக வருகிற ஸ்பீக்கரை எடுங்கள், நெஞ்சில் இடிக்கிற ஸ்பீக்கரை அல்ல.

அடுத்தது, எத்தனை ஓம் என்று பாருங்கள். பழைய செற்றுகள் பெரும்பாலும் 4 ஓம் ஸ்பீக்கருக்காகச் செய்யப்பட்டவை. இப்போது கடைகளில் 2 ஓம், 3 ஓம் ஸ்பீக்கர்களும் வருகின்றன. அவற்றைக் கொழுவினால் சத்தம் கூடுதலாக வரும், ஆனால் கிழட்டு செற் சூடேறிச் செத்துப்போகக்கூடும். போஸ் கொம்பனி ஒலியமைப்போடு வந்த பழைய கார் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அவற்றில் சிலவற்றில் ஓம் மிகக் குறைவு, ஸ்பீக்கரோடேயே அம்பிளிபயரும் சேர்ந்திருக்கும். சாதாரண ஸ்பீக்கரை நேரே மாட்ட முடியாது.

என்னுடைய காரின் கதவுக்கு ஆறரை அங்குல ஸ்பீக்கர். வாங்க முதல் ஆழத்தை அளந்து பாருங்கள். மாட்டி முடித்துக் கதவுத் தட்டியைப் பூட்ட முதல், யன்னல் கண்ணாடியைக் கடைசி மட்டும் இறக்கிப் பாருங்கள். காந்தத்தில் முட்டுகிறதா இல்லையா என்று அப்போதுதான் தெரியும். தட்டிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்ரிக் தாள் ஒட்டியிருக்கும். அது தண்ணி உள்ளே வராமல் தடுப்பதற்கு. கிழித்து எறியவேண்டாம், திரும்பவும் வடிவாக ஒட்டிவிடுங்கள். கதவின் அடியில் தண்ணி வடிகிற சின்னத் துளைகள் இருக்கும். அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்தித் துப்புரவாக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கதவும் கறள் பிடிக்கும், புது ஸ்பீக்கரும் பழுதாகும்.

வயர் பிழையாகக் கொழுவாமல் இருக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஒன்றரை வோல்ற் பற்றறி ஒன்றை எடுத்து, செற்றிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் வயர்களின் நுனியில் ஒரு கணம் மட்டும் தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே துள்ளினால், பற்றறியின் நேர்முனை தொட்ட வயர்தான் நேர் வயர். உள்ளே இழுத்தால் மாறி. இரண்டு ஸ்பீக்கரில் ஒன்று மாறிக் கொழுவப்பட்டால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். அடித்தொனி காணாமல் போகும், பாடுகிறவரின் குரல் எங்கேயிருந்து வருகிறதென்றே தெரியாது.

இந்தப் பற்றறியைக் கையில் எடுக்கிறபோதெல்லாம் எனக்கு ஒரு நினைப்பு வரும். இதே பற்றறி தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். கரண்ட் இல்லாத அந்த வருடங்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் களைக்கும். குரல் ஒன்றைக் கேட்பதற்கு என்ன விலை கொடுக்கவேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அதனால்தான் கசெற் பெட்டி விசயத்தில் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறேன். ஸ்பீக்கர் பார்க்கப் போன ஒரு கடையில், "இதையெல்லாம் கழற்றிப்போட்டு ஒரு பெரிய ஸ்கிறீன் போடுவோம், பழைய செற்றை நாங்களே எறிந்துவிடுவோம்" என்றார்கள். எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். காரணம் தொழில்நுட்பம் இல்லை. அம்மாவின் குரல் என்னிடம் ஒரேயொரு கசெற்றில்தான் இருக்கிறது. 1996 இல் கொழும்புக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அங்கிருந்து இன்னொருவர் கையில் சிட்னிக்கு வந்தது. அறுபது நிமிடக் கசெற். கடிதம் எழுதினால் தணிக்கையில் பிடிபடும் என்று பயந்தோ, எழுத மனமில்லாமலோ, அம்மா அதில் பேசியிருக்கிறா. ஆர் செத்தது, ஆர் வீட்டை விட்டுப் போனது, கிணத்துக்குள் எத்தனை வாளி தண்ணி. பின்னால் ஒரு சேவல் கூவும்.

இப்படி ஒரு கசெற் எனக்கு மட்டுமா இருக்கிறது? மெல்பேர்ணில் டன்டினோங்கிலும், சிட்னியில் வென்ற்வேர்த்வில்லிலும், ரொறொன்ரோவிலும், ஒஸ்லோவிலும், லாச்சப்பலைச் சுற்றியும் எத்தனை வீட்டு அலுமாரிகளில் கிடக்கும்? கலியாணவீடு, செத்தவீட்டு ஒப்பாரி, தாத்தா சொன்ன கதை, சின்னப்பிள்ளை பாடின தேவாரம். விளையாடுவதற்குப் பெட்டி இல்லாமல் கிடக்கின்றன. வீட்டுச் செற்றை எப்போதோ குப்பைக்குப் போட்டாயிற்று. பல குடும்பங்களில் மிஞ்சியிருக்கிற ஒரே பெட்டி பழைய காருக்குள் இருப்பதுதான். பூட்டுத் திறக்க முதலே திறப்பை எறிகிற வேலையைத்தான் நாங்கள் செய்கிறோம்.

நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அவுஸ்திரேலிய தேசியத் திரைப்பட ஒலி ஆவணக்காப்பகம் 2015 இல் ஓர் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டது. 2025 க்குள் டிஜிற்றலுக்கு மாற்றப்படாத காந்த ரேப்புகளில் பெரும்பாலானவை நிரந்தரமாக இழக்கப்படும் என்பதுதான் அதன் சாரம். ரேப் பழுதாவது ஒரு காரணம். அதை ஓட்டுகிற பெட்டிகளும், அவற்றைத் திருத்தத் தெரிந்தவர்களும் இல்லாமல் போவது மற்றக் காரணம். அரசாங்கப் பணத்தில் இயங்குகிற காப்பகமே அப்படிக் கவலைப்பட்டது என்றால் எங்கட அலுமாரிகளின் கதி என்ன? அவர்கள் சொன்ன 2025 உம் வந்துவிட்டது.

இதற்கு இரண்டு பக்கத்திலிருந்தும் எதிர்ப்பு வரும் என்று தெரியும். போனில் பாட்டுக் கேட்க முடியாதே என்பார்கள் இளையவர்கள். கசெற் வடிவத்திலேயே ஒரு இணைப்பான் இருக்கிறது. அதைப் பெட்டிக்குள் போட்டு வயரைப் போனில் கொழுவினால் போன் பாடும். எஸ்.பி.எஸ். வானொலியை சிட்னியில் 97.7 இலும் மெல்பேர்ணில் 93.1 இலும் பழைய செற்றே பிடிக்கும். மறுபக்கம், ஒரு ஆணியும் மாற்றக்கூடாது என்கிற பழங்கார்ப் பக்தர்கள். நியூ சவுத் வேல்ஸில் 30 வருடம், விக்டோரியாவில் 25 வருடம் தாண்டிய காரை, அங்கீகரிக்கப்பட்ட கழகம் ஒன்றில் சேர்ந்து குறைந்த செலவில் பதியலாம். நியூ சவுத் வேல்ஸின் சரித்திர வாகனத் திட்டத்தில் கார் அசல் நிலைக்குக் கிட்ட இருக்கவேண்டும் என்பதும் உண்மை. அதற்கும் என் வழிதான் பொருந்துகிறது. வெளியில் தெரிகிற மூடியும் பெட்டியும் அசல். உள்ளே உக்கினது மட்டும் புதிது. கழற்றின ஸ்பீக்கரை ஒரு பெட்டிக்குள் போட்டுப் பெயர் எழுதி வைத்துவிடுங்கள்.

எனக்கு எல்லாமாக 150 டொலருக்குள், ஒரு சனிக்கிழமைப் பின்னேரத்துக்குள் முடிந்தது. ஆனால் இன்னொரு வேலையையும் சேர்த்துச் செய்யுங்கள். கசெற்றுகளைக் காருக்குள் விடாதீர்கள். 2020 ஜனவரி 4 ஆம் திகதி பென்ரித்தில் 48.9 பாகை வெப்பம். நிழலிலேயே அப்படியென்றால் பூட்டின காருக்குள் எப்படியிருக்கும்? கேட்க முதல் ஒருக்கால் முன்னும் பின்னும் முழுதாகச் சுற்றிவிடுங்கள். உள்ளே ரேப்பை அழுத்துகிற சின்னப் பஞ்சு விழுந்திருந்தால், ரேப்பை வேறொரு கூட்டுக்குள் மாற்றலாம். நல்ல செற் வைத்திருப்பவரைத் தேடிப்பிடித்து டிஜிற்றலாக்குங்கள், இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். ஊருக்குப் பொதுவான பதிவு என்றால், 2005 இல் தொடங்கி எங்கட புத்தகங்களையும் ஆவணங்களையும் இணையத்தில் சேர்த்துவருகிற நூலகம் போன்றவர்களோடு கதையுங்கள்.

அதுவரைக்கும் அந்தப் பெட்டி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். அலுமாரியில் இருக்கிற கசெற்றின் மேலுறையில் யாருடைய பெயர் எழுதியிருக்கிறது என்று இந்தக் கிழமையே எடுத்துப் பாருங்கள். பெயர் எழுதாமல் இருந்தால், குரலை அடையாளம் காணக்கூடியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.