வரி கட்டாதவர்களா நாங்கள்?

தோட்டத்துக்கு வீதி விளக்கு வேண்டும், குப்பை வண்டி வேண்டும் என்று பிரதேச சபைக்குப் போகிறவர்களுக்கு இன்னமும் ஒரு பதில் கிடைக்கிறது: "நீங்கள் சபைக்கு வரி கட்டுவதில்லையே." இதைக் கேட்டதும் நம்மவர்கள் பலர் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். திரும்ப வேண்டியதில்லை தோழர்களே. சபையின் கணக்கையே எடுத்துப் பார்ப்போம்.

லயத்தில் குடியிருப்பவர் மதிப்பீட்டு வரி, அதாவது சோலைவரி, கட்டுவதில்லை என்பது உண்மைதான். நான்கு தலைமுறை இருந்தும் வீடு அவர் பெயரில் இல்லை. பெயரில் இல்லாத வீட்டுக்கு யார் வரி கட்டுவது? ஆனால் அவர் வேலை செய்யும் மலைக்கு ஒரு வரி இருக்கிறது. பயிர்ச்செய்கை நிலத்துக்கு உரிய ஏக்கர் வரி அது. பிரதேச சபைகள் வர்த்தமானியில் வெளியிட்டுவந்த அறிவித்தல்களைப் பாருங்கள்: ஐந்து ஹெக்டயருக்கு மேற்பட்ட நிலத்துக்கு, ஹெக்டயர் ஒன்றுக்கு வருடத்துக்கு 10 ரூபா. 300 ஹெக்டயர் தோட்டம் என்றால் வருடம் முழுவதற்கும் 3,000 ரூபா. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபா. ஒரு தோட்டம் முழுவதும் சேர்ந்து கட்டும் வரி, ஒரு கொழுந்துப் பெண்ணின் மூன்று நாள் சம்பளத்துக்கும் குறைவு!

கடைகளின் கதையும் இப்படித்தான். வியாபார வரி முந்திய வருட வருமானத்தைப் பார்த்து அறவிடப்படுகிறது. வருமானம் 150,000 ரூபாவைத் தாண்டினால் 3,000 ரூபா. அதற்கு மேல் எவ்வளவு சம்பாதித்தாலும் அதே 3,000. இந்த வரிக்குள் வரும் சின்னக் கடையொன்றில் நாளுக்கு 500 ரூபா புரண்டாலே வருடத்தில் அந்த எல்லையைத் தாண்டிவிடும். கோடிக்கணக்கில் புரளும் நிறுவனமும் அதே படியில்தான் நிற்கிறது. இப்படி ஒரு வரியைப் போட்டுவிட்டு, பணமில்லை என்று நம்மிடம் கை விரிப்பது எந்த நியாயம்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சம்பளம் எடுத்த கையோடு நாம் போவது ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும். அங்குள்ள கடைகளின் வரியும் கட்டணங்களும் நகர சபைகளுக்குச் சேர்கின்றன. சுற்றியுள்ள தோட்டங்களோ பெரும்பாலும் பிரதேச சபைகளுக்குள் இருக்கின்றன. நமது பணத்தில் நகரம் வளர்கிறது, நமது ரோட்டுக்கு நிதி இல்லை. நகரத்தாரை இதற்குக் குறை சொல்லிப் பயனில்லை. எல்லையைக் கீறியவர்கள் நகரத்தை வேறாக வைத்தார்கள், அதை வாழவைக்கும் மலையை வேறாக வைத்தார்கள்.

இப்போது மலையகத்துக்கு முதலீட்டாளர் வருகிறார் என்ற பேச்சு அடிக்கடி கேட்கிறது. துரை பங்களாக்கள் உல்லாச விடுதிகளாகின்றன, ஆடைத் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள். வரட்டும், நாம் தடுக்கவில்லை. நமது பிள்ளைகள் கொழும்புக் கடைகளில் படுத்துறங்குவதைவிட ஊரில் வேலை கிடைப்பது நல்லதே. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு மாலை போடுவோம். வேலை எத்தனை பேருக்கு, நிரந்தரமா, கொந்தராத்தா? கம்பனி 12 வீதம் ஈ.பி.எஃப். கட்டுமா? விடுதிக்குத் தண்ணீர் எந்தப் பீலியிலிருந்து போகிறது, அதன் கழிவு எந்த லயத்துக்குக் கீழே வந்து விழுகிறது? சுற்றுலாச் சபையில் பதிந்த விடுதிகளிடம் வருட வருமானத்தில் ஒரு வீதம் வரை அனுமதிப்பத்திரக் கட்டணம் அறவிடப் பிரதேச சபைக்கு அதிகாரம் உண்டு. ஏக்கர் வரியோடு ஒப்பிட்டால் இது பெரிய பணம். உங்கள் பகுதி விடுதிகளிடம் அது முறையாக அறவிடப்படுகிறதா? இதை முதலில் கேளுங்கள் என்பதே என் எண்ணம்.

ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு கிடைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பகுதி கட்டடங்கள் நிறைந்த பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்டால் சோலைவரித் துண்டு உங்கள் வாசலுக்கும் வரும். மதிப்பீடு கூடுதலாகத் தெரிந்தால், துண்டில் குறித்துள்ள தவணைக்குள் எழுத்தில் ஆட்சேபனை கொடுங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். வருட வரியை ஜனவரி 31க்கு முன் ஒரே தடவையில் கட்டினால் 10 வீதம் கழிவு உண்டு. வரி கட்டத்தான் வேண்டும். கட்டிய பணத்துக்கு வடிகானும் விளக்கும் எங்கே என்றும் கேட்கத்தான் வேண்டும்.

தோட்டம் கம்பனியுடையது, சபை நிதியைச் செலவிட முடியாது என்று யாராவது 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டினால், அது 2018இல் திருத்தப்பட்டது என்று சொல்லுங்கள். அந்தச் சாக்கு முடிந்து வருடங்களாகிவிட்டன. 2025 மே மாதத் தேர்தலில் நாம் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர்களுக்கும் இதை நினைவூட்டுவது நல்லது.

அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்தைச் சபைகள் வருட முடிவுக்குள் நிறைவேற்ற வேண்டும். அதற்கு முன்பே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும், மாதர் சங்கத் தலைவிமாரும் சேர்ந்து, 2016ஆம் ஆண்டுத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம். நமது தோட்டத்திடமிருந்து கிடைத்த ஏக்கர் வரி எவ்வளவு, விடுதிகளிடமிருந்து எவ்வளவு, கடந்த வருடம் தோட்டப் பகுதிக்குச் செலவிட்டது எவ்வளவு என்ற மூன்றையும் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானித்துச் சொல்ல வேண்டும். பற்றுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, பிரதியொன்றைச் சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள்.